அடுப்படிச் சுத்தமும் வியாபாரியின் கடமையும்

சுத்தத்தின் அவசியத்தை நம் குடும்பங்களுக்கு எவரும் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எதைக் கொண்டு சுத்தம் செய்கிறோம் என்பதையே நாம் அதிகமாக யோசிப்பதில்லை. முன்பு ஒரு பிடிச் சாம்பலும், சிறிது புளியும், ஒரு துண்டுத் தேங்காய் நாரும் இருந்த இடத்தில், இன்று நீலம், பச்சை, மஞ்சள் என்று ஏழெட்டுப் போத்தல்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் சில அவசியமானவை. சில வீண் செலவு. இன்னும் சில, குழந்தை கைக்கு எட்டினால் உயிருக்கே ஆபத்தானவை. அவற்றை வாங்கி விற்பவர்களில் நாமும் இருக்கிறோம். ஆகவே இவ்விஷயம் தாய்மார்களுக்கு மட்டும் உரியதன்று. மளிகைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் நடத்தும் நமக்கும் உரிய பாடமாகும்.

பழைய முறைகளின் உட்பொருள்

தோட்டத்து லயங்களில் விறகடுப்புச் சாம்பலைக் கொண்டு பாத்திரம் துலக்கியவர்கள் ரசாயனம் படித்தவர்களல்லர். ஆயினும் அவர்கள் செய்தது ரசாயன சாஸ்திரத்துக்குப் பொருந்திய காரியமே. சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்னும் கார உப்பு இருக்கிறது. அது எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து சிறிதளவு சோப்பாகவே மாறிவிடுகிறது. பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் உண்டு. அது பிசுக்கைத் தண்ணீரோடு கலக்கச் செய்து கழுவி விடுகிறது. புளியில் உள்ள புளிப்பு அமிலம் பித்தளையின் மேலுள்ள களிம்பைக் கரைத்து விடுகிறது.

இதிலிருந்து ஒரு விதியை அறிந்து கொள்ளலாம். எண்ணெய்ப் பிசுக்குக்குக் காரம். களிம்புக்கும் சுண்ணாம்புப் படிவுக்கும் புளிப்பு. இவ்விரண்டையும் தெரிந்து கொண்டால் அடுப்படி வேலையில் பெரும்பகுதி முடிந்தது எனலாம்.

மூன்று சோடாக்கள்

நம் கடைகளில் சோடா என்ற பெயரில் மூன்று சரக்குகள் உண்டு. மூன்றும் வெள்ளை நிறம். ஆனால் குணம் வெவ்வேறு.

முதலாவது ஆப்ப சோடா. இது சமையலுக்கு உரியது, மென்மையானது, பாத்திரம் தேய்க்கவும் ஏற்றது. இரண்டாவது சலவைச் சோடா. இது கடுங்காரம், உண்ணத் தகாதது, கை உறை அணிந்தே தொட வேண்டும். மூன்றாவது காஸ்டிக் சோடா. தோலையும் கண்ணையும் உணவுக் குழலையும் எரித்துவிடும் பொருள் இது. சோப்பு காய்ச்சவும், அடைபட்ட குழாயைத் திறக்கவும் இதை உபயோகிக்கின்றனர். பழைய எண்ணெயில் வீட்டிலேயே சோப்பு காய்ச்சலாம் என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். காய்ச்சலாம் என்பது உண்மையே. ஆயினும் அதற்கு இந்தக் காஸ்டிக் சோடா இன்றி ஆகாது. சிறு பிள்ளைகள் நடமாடும் அடுப்படி அவ்வேலைக்கு உரிய இடமன்று.

ஆகவே, வாடிக்கையாளர் “சோடா கொடுங்கள்” என்று கேட்டால், எந்தக் காரியத்துக்கு என்று ஒரு வார்த்தை கேட்ட பின்னரே எடுத்துக் கொடுக்க வேண்டும்.

சுக்கா என்ற பெயரால் வரும் ஆபத்து

காடியை நம் நாட்டில் மலாய் வழக்கைப் பின்பற்றி சுக்கா என்று சொல்கிறோம். சமையல் காடியில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே அமிலம் இருக்கும். ஆனால் ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் திராவகத்துக்கும் ‘சுக்கா கெத்தா’ என்றே பெயர். அது பெரும்பாலும் பார்மிக் அமிலமாகும். எறும்பின் உடலில் உள்ள அதே அமிலந்தான். ஆயினும் பீப்பாயில் வருவது மிகக் கடுமையானது. பார்வைக்குக் காடியைப் போலவே நிறமற்றிருக்கும்.

பேராக்கில் பல ரப்பர்த் தோட்டங்கள் இன்று செம்பனைத் தோட்டங்களாக மாறிவிட்டன. என்றாலும் சிறு தோட்டக்காரர்கள் இன்னும் பால் வெட்டுகின்றனர், திராவகமும் வாங்குகின்றனர். ரப்பர் மிகுதியாக விளையும் கேரளத்தின் கோட்டயம் பகுதியில், இந்த அமிலத்தைக் குடித்து உணவுக் குழலும் சிறுநீரகமும் கெட்டு மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பழைய சர்பத் போத்தலிலோ குடிநீர்ப் போத்தலிலோ இதை ஊற்றி வைத்தால் விளைவு என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சுத்தம் செய்வதற்குச் சமையல் காடியைத் தவிர வேறு எந்தச் சுக்காவையும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

வீட்டில் செய்து கொள்ளும் முறைகள்

1. பாத்திரம் கழுவும் நீர்: பதினைந்து பூந்திக்கொட்டைகளை உடைத்து விதையை நீக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊற வைக்கவும். காலையில் இருபது நிமிஷம் கொதிக்க வைத்து, பிசைந்து வடிகட்டவும். இது சில நாட்களே கெடாமலிருக்கும். குளிர்ப்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் வரை தாங்கும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்.

2. அடுப்பு மேடைப் பிசுக்கு: ஆப்ப சோடா மூன்று பங்கு, தண்ணீர் ஒரு பங்கு சேர்த்துக் குழைத்துத் தடவி, கால் மணி நேரம் கழித்துத் தேங்காய் நாரால் தேய்த்துத் துடைக்கவும்.

3. இரும்புக் கல்: தோசைக் கல்லுக்கும் ரொட்டிக் கல்லுக்கும் புளிப்பு ஆகாது, துருப்பிடிக்கும். கல்லுப்பும் சில துளி எண்ணெயும் போட்டுத் தேய்த்துத் துடைத்தால் போதும்.

4. தண்ணீர் காய்ச்சும் கெட்டில்: காடியும் தண்ணீரும் சமபங்கு ஊற்றிக் கொதிக்க விட்டு, ஒரு மணி நேரம் வைத்திருந்து கொட்டிவிடவும். பிறகு இருமுறை வெறும் தண்ணீர் காய்ச்சிக் கொட்ட வேண்டும்.

5. கண்ணாடியும் ஓடும் துடைக்க: எலுமிச்சைத் தோலைக் காடியில் இரண்டு வாரம் ஊற வைத்து வடிகட்டி, சம அளவு தண்ணீர் கலந்து கொள்ளவும். காடியின் நெடி குறைந்து நல்ல மணம் தரும்.

6. பழத்தோல் புளிப்பு: சர்க்கரை ஒரு பங்கு, பழத்தோலும் காய்கறிக் கழிவும் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு சேர்த்து மூன்று மாதம் புளிக்க வைப்பது நம் நாட்டில் பரவியுள்ள வழக்கம். பெயர் எதுவாயினும் இது ஒருவகைக் காடியே. கண்ணாடிப் போத்தலில் இறுக மூடினால் வாயு சேர்ந்து வெடிக்கும். பிளாஸ்டிக் கலனில் இடம் விட்டு ஊற்றி, முதல் மாதம் தினந்தோறும் மூடியைத் தளர்த்திவிட வேண்டும்.

காடியையும் ஆப்ப சோடாவையும் ஒரே போத்தலில் கலந்து வைக்கச் சிலர் சொல்கின்றனர். பொங்கி நுரைப்பது கண்ணுக்கு வேடிக்கையே; பயன் சொற்பம். காரமும் புளிப்பும் ஒன்றையொன்று அழித்து, எஞ்சுவது உப்புத் தண்ணீரைப் போன்றதே. இரண்டையும் தனித்தனியே உபயோகிப்பதுதான் புத்தி.

எதனால் எது கெடும்

ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வரும் வழியில் நிற்கும் வெண்ணிறக் குன்றுகளை நாள்தோறும் காண்கிறோம். அவை சுண்ணாம்புக்கல். இப்பகுதியில் வெட்டியெடுக்கும் சலவைக்கல்லும் அதே ஜாதி. கெட்டிலின் அடியில் படியும் வெள்ளைக் கட்டியும் அதுவே. ஆகவே கெட்டில் படிவைக் கரைக்கும் காடி சலவைக்கல்லையும் கரைக்கும். பழைய காப்பிக் கடைகளின் சலவைக்கல் மேசை மீது காடியோ எலுமிச்சைச் சாறோ பட்டால் பளபளப்புப் போய்த் தழும்பு விழும். அந்த மேசைக்கு மிதமான சோப்பு நீரே தகுந்தது.

அதுபோல் அலுமினியச் சட்டிக்குச் சாம்பலும் சோடாவும் ஆகாது. காரம் பட்டால் அது கறுத்து அரிபடும்.

கலக்கக் கூடாதவை

பிளீச் எனப்படும் வெளுப்புத் திரவத்தோடு காடி, எலுமிச்சை, கழிவறை திராவகம் ஆகிய எந்தப் புளிப்பைச் சேர்த்தாலும் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரல் 22-ஆம் தேதி பெல்ஜியத்தின் ஈப்ரஸ் போர்முனையில் சிப்பாய்களைக் கொல்ல ஏவப்பட்டது இவ்வாயுவேயாகும். காற்றோட்டமில்லாத சிறிய அடுப்படியில் இது உண்டானால் மூச்சு முட்டும். அம்மோனியா கலந்த திரவத்தோடு பிளீச்சைச் சேர்த்தாலும் நச்சு வாயு உண்டாகும். வீட்டில் செய்த காடித் திரவம் சாதுவானது என்று எண்ணி, பிளீச் ஊற்றிய இடத்தில் அதையும் தெளித்தால் வினை வரும். இயற்கைப் பொருளும் இடம் தவறினால் தீங்கு செய்யும் என்பதை மறக்கலாகாது.

இவற்றால் ஆகாத காரியம்

காடியும் பூந்திக்கொட்டையும் அழுக்கை நீக்கும். நோய்க் கிருமிகள் அனைத்தையும் கொல்லும் என்று சொல்வதற்கில்லை. பச்சைக் கோழியும் மீனும் நறுக்கிய பலகையைச் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றி, வெயிலில் உலர்த்த வேண்டும். கறிப் பலகை வேறு, காய்ப் பலகை வேறாக இருப்பது உத்தமம். துடைக்கும் துணியை நாள்தோறும் பத்து நிமிஷம் கொதிக்க வைக்க வேண்டும்.

1847-ல் வியன்னா நகரத்து மருத்துவர் செம்மல்வைஸ், பிரசவ விடுதிக்குள் வரும் மருத்துவர்களைக் குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தார். காய்ச்சலால் மாண்டு கொண்டிருந்த தாய்மார்களின் மரணம் அதனால் வெகுவாகக் குறைந்தது. ஆகவே பிளீச்சை விரட்டிவிட வேண்டும் என்பதன்று நம் வாதம். சாப்பாட்டுக் கடைப் பலகைக்கு அது தேவையானால், கழுவி முடித்த பின், மணம் சேர்க்காத பிளீச் ஒரு மேசைக்கரண்டியை நாலு லிட்டர் குளிர்ந்த நீரில் கலந்து உபயோகிக்கலாம். அன்று வேறு எதையும் அதனுடன் சேர்க்கலாகாது.

வியாபாரிகள் செய்ய வேண்டியது

இவற்றையெல்லாம் வாடிக்கையாளருக்குச் சொன்னால் போத்தல் வியாபாரம் குறையுமே என்று நம்மில் சிலர் நினைக்கலாம். சிறிது குறையவும் கூடும். ஆனால் ஆப்ப சோடா, காடி, பூந்திக்கொட்டை, சீயக்காய், புளி, எலுமிச்சை ஆகியவற்றை விற்பவர்களும் நாமே அல்லவா? லாபம் சிறிதாயினும் நம்பிக்கை பெரிது. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கு நெடுங்காலம் தலைமை வகித்து 2019-ல் காலமான எஸ். எம். முகமது இத்ரீஸ் அவர்கள் நம் சமூகத்தவர், வியாபாரியும்கூட. வாங்குவோரின் நலம் பேசுவது வியாபாரத்துக்கு விரோதமன்று என்பதற்கு அவர் வாழ்க்கையே போதிய சான்று.

ஆகவே வர்த்தக சகோதரர்கள் இந்நான்கு காரியங்களையும் இன்றே கைக்கொள்ள வேண்டும். திராவகம், மண்ணெண்ணெய், காஸ்டிக் சோடா ஆகியவற்றைப் பானப் போத்தலில் ஊற்றித் தராதீர்கள். பெயர்ச்சீட்டு இல்லாத சரக்கை விற்காதீர்கள். உணவுச் சாமான் அடுக்கும் பலகையில் இவற்றை வைக்காதீர்கள். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நச்சு மையத்தின் 1-800-88-8099 என்ற எண்ணையும், அவசர உதவிக்குரிய 999 என்ற எண்ணையும் கல்லாவின் அருகே பெரிதாக எழுதி வையுங்கள்.

எவரேனும் தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எரித்த பொருள் திரும்ப வருகையில் இரண்டாம் முறையும் எரிக்கும். வாயைக் கொப்பளிக்கச் செய்து, அந்தப் போத்தலையும் எடுத்துக் கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கண்ணிலோ தோலிலோ பட்டால், ஓடும் தண்ணீரில் இருபது நிமிஷம் கழுவிய பிறகே மற்றவை.

நாம் விற்கும் சரக்கு எந்த வீட்டுக்குப் போகிறதோ, அந்த வீட்டுக் குழந்தையின் பாதுகாப்பிலும் நமக்குப் பங்கு உண்டு. பொருளை அளந்து கொடுப்பதோடு அதைப் பற்றிய அறிவையும் சேர்த்துக் கொடுப்பதே நேர்மையான வியாபாரம்.