இட்சிங் கண்ட இந்தியா

கி.பி. 671ஆம் ஆண்டு. சீன நாட்டின் குவாங்சோ துறைமுகத்திலிருந்து பாரசீகக் கப்பல் ஒன்று தெற்கு நோக்கிப் புறப்பட்டது. அதில் இட்சிங் என்னும் பௌத்தத் துறவி இருந்தார். உடன் வருவதாக வாக்களித்த நண்பர்கள் பின்வாங்கிவிட்டனர். இளந்துறவி ஒருவர் மட்டும் துணையாக வந்தார். அவரும் வழியில் நோயுற்றுத் தாயகம் திரும்பினார்.

இட்சிங்கின் பயணத்திற்குத் தெளிவான காரணம் இருந்தது. துறவியர் எவ்வாறு உண்ண வேண்டும், எவ்வாறு நீராட வேண்டும் என்னும் விதிகள் இந்தியாவிலிருந்து சென்ற நூல்களில் இருந்தன. அவற்றைச் சீனத்தில் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியவாறு பொருள் கொண்டனர். எது சரி என்று வாதிட்டுக்கொண்டிருப்பதைவிட, விதி பிறந்த நாட்டிற்கே சென்று பார்த்துவிடலாம் என்று இட்சிங் துணிந்தார்.

வழியில் சுமத்திராத் தீவின் ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கிச் சமஸ்கிருத இலக்கணம் கற்றார். 673இல் வங்கக் கரையிலுள்ள தாமிரலிப்தியை அடைந்தார். அங்கிருந்து நாளந்தாவை நோக்கி நடந்தபோது நோய் அவரை வாட்டியது. உடன் வந்தோர் முன்னே சென்றுவிட, தனித்து நடந்த அவரை மாலை வேளையில் கள்வர் சூழ்ந்து ஆடையையும் பறித்துக்கொண்டனர். வெண்ணிற மேனியரைப் பிடித்தால் பலியிடுவர் என்று அவர் முன்பே கேள்விப்பட்டிருந்தார். உடனே சேற்றுக் குழியில் இறங்கி உடலெங்கும் சேற்றைப் பூசிக்கொண்டார். இலைகளால் உடலை மறைத்தார். கோலை ஊன்றி நடந்து இரவில் தோழர்களை வந்தடைந்தார். இத்தனை துன்பப்பட்டு வந்தவர் இந்நாட்டைப் பற்றிக் கசப்பாக எழுதவில்லை என்பது வியப்பே.

நாளந்தாவில் அவர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் தங்கினார். அரண்மனைகளையும் போர்களையும்விட அன்றாட வாழ்க்கையே அவர் கண்ணில் மிகுதியாகப் பட்டது.

காலையில் இந்தியர் பல் துலக்கும் குச்சியைப் பற்றி அவர் ஓர் இயலே எழுதினார். குச்சியின் நீளம் எட்டு விரற்கடைக்குக் குறையாமல், 12 விரற்கடை வரை இருக்கலாம். பருமன் சுண்டுவிரல் அளவு. ஒரு முனையை நன்றாக மென்று நார் நாராக்கிப் பற்களைத் தேய்க்க வேண்டும். பின் அதனைப் பிளந்து நாக்கை வழிக்க வேண்டும். சீனர் சிலர் இதனை வில்லோ மரக் கிளை என்று எண்ணியிருந்தனர். இந்தியாவில் அம்மரத்தைக் காண்பதே அரிது என்று இட்சிங் அப்பிழையைத் திருத்தினார். குச்சியை மெல்லும் வழக்கத்தால் இந்நாட்டில் பல்வலி மிகவும் குறைவு என்றும் குறித்தார். நம் பாட்டனார் காலத்து வேப்பங்குச்சியும் ஆலங்குச்சியும் இவ்வழக்கத்தின் தொடர்ச்சியே.

உணவைப் பற்றியும் அவர் நுட்பமாக எழுதியுள்ளார். உண்ணும் முன் கைகால் கழுவுவர். உயரம் குறைந்த பிரம்பு இருக்கையில், பாதம் நிலத்தில் பட அமர்வர். ஒரு வாய் உண்டாலும் அவ்வுணவு எச்சில் ஆகிவிடும். அதனைப் பிறருக்குப் பரிமாறுவதில்லை. சீனர் மீனையும் காய்களையும் பெரும்பாலும் பச்சையாக உண்பர். இந்தியரோ காய்களை நன்றாக வேகவைத்துப் பெருங்காயம், நெய், எண்ணெய் சேர்த்தே உண்பர்.

சீனர் குச்சிகளால் உண்பவர்கள். இந்தியர் வலக்கையால் உண்பதைக் கண்ட இட்சிங், தம் நாட்டவரும் குச்சிகளைக் கைவிட வேண்டும் என்று கூறினாரா? இல்லை. புத்தர் குச்சிகளை அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ஆகவே சீனத்தில் அவற்றைப் பயன்படுத்தலாம், இந்தியாவில் பயன்படுத்தலாகாது என்றார். பிற இடங்களில் சீனரின் பிழைகளைக் கடுமையாகச் சுட்டும் அவரே இங்கு விட்டுக்கொடுக்கிறார்.

துறவியர் நண்பகலுக்குப் பின் உணவு உண்ணலாகாது. வானம் மேகம் மூடியிருந்தால் நண்பகலை எவ்வாறு அறிவது? நாளந்தாவில் பெரிய பாத்திரத்து நீரில் ஒரு செம்புக் கிண்ணத்தை மிதக்கவிடுவர். அதன் அடியில் ஊசித்துளை இருக்கும். நீர் மெல்லப் புகுந்து கிண்ணம் மூழ்கியதும் முரசு ஒலிக்கும். இத்தகைய கருவியைத் தமிழில் நாழிகை வட்டில் என்பர். காலையில் மணியோசை கேட்டதும் துறவியர் கூட்டங்கூட்டமாகக் குளங்களுக்கு நீராடச் செல்லும் காட்சியையும் அவர் எழுதியுள்ளார்.

நாடு திரும்பும் வழியில் ஸ்ரீவிஜயத்தில் தங்கிச் சமஸ்கிருத நூல்களைச் சீன மொழியில் பெயர்க்கத் தொடங்கினார். தாளும் மையும் வேண்டியிருந்தன. 689இல் அவற்றைக் கேட்டுச் சீனத்திற்குக் கடிதம் அனுப்பத் துறைமுகத்தில் நின்ற கப்பலில் ஏறினார். அப்பொழுது நல்ல காற்று வீசவே பாய்கள் விரிந்தன, கப்பல் புறப்பட்டுவிட்டது! இறங்க வழியில்லை. கடிதத்தோடு அவரும் குவாங்சோ சென்று சேர்ந்தார். ஆண்டுக்கணக்கில் சேர்த்த ஏடுகளோ ஸ்ரீவிஜயத்தில் கிடந்தன. அவற்றை விட்டுவிட மனமின்றி, உதவிக்கு நால்வரை அழைத்துக்கொண்டு அதே ஆண்டில் மீண்டும் கடல் கடந்தார்.

தாம் கண்டவற்றை 40 இயல்களில் எழுதி, 692இல் வேறொரு துறவியிடம் கொடுத்துச் சீனத்திற்கு அனுப்பினார். 695இல் ஏறத்தாழ 400 சமஸ்கிருத நூல்களுடன் அவரும் தாயகம் சேர்ந்தார். சீனப் பேரரசி நேரில் வந்து அவரை வரவேற்றார்.

சொற்பொருள்
விரற்கடை – ஒரு விரலின் அகல அளவு
ஏடுகள் – எழுதப்பட்ட ஓலைகள், நூல்கள்
இயல் – நூலின் ஒரு பகுதி

விடை எழுதுக
1. இட்சிங் இந்தியாவிற்கு வந்த காரணம் யாது?
2. கள்வரிடம் சிக்கியபின் அவர் தம்மை எவ்வாறு காத்துக்கொண்டார்?
3. குச்சிகளால் உண்பது பற்றி அவர் கூறிய முடிவு சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
4. நீ வாழும் ஊரின் நண்பர் ஒருவர் உன் வீட்டில் ஒருநாள் தங்கினால் எவற்றைக் கண்டு வியப்பார்? அவர் எழுதுவது போலப் பத்து வரிகள் எழுதுக.