உண்கலம் சொல்லும் வரலாறு

நுழையும்முன்

அயல்நாட்டுக்குச் செல்வோர் கோட்டைகளையும் அருங்காட்சியகங்களையும் ஆவலுடன் காண்கின்றனர். பசித்தபோது ஏதேனும் ஓர் உணவகத்தில் உண்டு திரும்புகின்றனர். காண்பது வரலாறு, உண்பது தேவை எனப் பிரித்துப் பார்ப்பதே நம் வழக்கம். ஆனால், ஒரு நிலத்திற்கு வந்தவர் யார், அங்கு உழைத்தவர் யார், உழைப்பின் பயனைப் பெற்றவர் யார் என்பனவற்றை உண்கலமும் சொல்லும். ஆப்பிரிக்காவின் நான்கு இடங்களில் அமர்ந்து உண்டு, பருகி, சுற்றிப்பார்த்து அதனை அறிய முயல்கிறது இப்பாடம்.

பன்முகம் கொண்ட கண்டம்

ஆப்பிரிக்கா 54 நாடுகளைக் கொண்ட பெருங்கண்டம். அங்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. பாலைவனம், பசுங்காடு, பனிமலை, புல்வெளி என நிலங்கள் பலவாக இருப்பதால் உணவுகளும் பலவாகவே இருக்கின்றன. எனவே, ‘ஆப்பிரிக்க உணவு’ என்று ஒன்றைச் சுட்டுவது, ‘ஆசிய உணவு’ என்று ஒன்றைச் சுட்டுவதைப் போன்றதே. நம் பயணம் மேற்குக் கரையில் உள்ள செனகலில் தொடங்குகிறது. கண்டத்தைக் கடந்து கிழக்கே எத்தியோப்பியாவை அடைகிறது. பின்பு இந்தியப் பெருங்கடலோரமாகத் தெற்கே இறங்கிச் சான்சிபார் தீவு வழியாக டர்பன் நகரில் நிறைவுறுகிறது.

நொய்யரிசியும் கோரே தீவும்

செனகலின் தலைநகர் டக்கார். அந்நாட்டு மக்கள் பெருமிதத்துடன் விருந்தினருக்குப் படைக்கும் உணவு ‘செபு ஜென்’. உவோலோஃப் மொழியில் இப்பெயர் ‘மீன்சோறு’ எனப் பொருள்படும். பூண்டும் பசுந்தழையும் சேர்த்து அரைத்த விழுது திணிக்கப்பட்ட மீனைத் தக்காளிச் சாற்றில் வேகவைக்கின்றனர். கேரட், முட்டைக்கோசு, கத்தரி, மரவள்ளி ஆகியவற்றையும் சேர்க்கின்றனர். அச்சாற்றிலேயே அரிசியை இட்டுச் சமைக்கின்றனர். பானையின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டித் தனியே பரிமாறுவதும் உண்டு. ஒரே பெரிய கலத்தைச் சுற்றி அனைவரும் அமர்கின்றனர். ஒவ்வொருவரும் தம் முன்னுள்ள பகுதியிலிருந்தே உண்பர். மீனைப் பிட்டு விருந்தினர் பக்கம் நகர்த்துவது வீட்டாரின் கடமை. இவ்வுணவுக் கலையை 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இவ்வுணவுக்கு முழு அரிசியைவிட நொய்யரிசியே ஏற்றதெனச் செனகல் மக்கள் கருதுகின்றனர். இச்சுவைக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவுக்கு நெல் புதிதன்று. நைஜர் ஆற்றுப்படுகையில் ஆப்பிரிக்க நெல் பன்னெடுங்காலமாக விளைந்துவந்தது. பிரெஞ்சு ஆட்சியாளர் செனகலில் ஏற்றுமதிக்காக வேர்க்கடலைப் பயிரைப் பரப்பினர். உணவுத் தானியங்கள் விளைந்த நிலங்கள் சுருங்கின. அக்குறையை ஈடுசெய்ய, தம் ஆட்சியிலிருந்த இந்தோசீனாவிலிருந்து மலிவான நொய்யைக் கப்பலில் கொண்டுவந்தனர். ஆலையில் உடைந்து ஒதுக்கப்பட்ட அரிசியைச் செனகல் பெண்கள் தம் கைத்திறத்தால் நாட்டின் தலைசிறந்த விருந்தாக்கினர்.

உண்டபின் ‘அத்தாயா’ என்னும் தேநீர் மூன்று முறை வழங்கப்படும். முதற்கோப்பை கசக்கும், அடுத்தடுத்த கோப்பைகளில் இனிப்பு மிகும். டக்காரிலிருந்து படகில் ஏறினால் ஏறத்தாழ 3 கி.மீ. தொலைவில் கோரே தீவு உள்ளது. வண்ணச் சுவர்களும் அமைதியான தெருக்களும் கொண்ட இத்தீவு, அட்லாண்டிக் அடிமை வணிகத்தின் நினைவிடமாக உலக மக்கள் வந்து தலைகுனியும் இடம். 1978இல் இது உலக மரபுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

காப்பி பிறந்த மலைநாடு

கண்டத்தைக் குறுக்காகக் கடந்தால் எத்தியோப்பிய மேட்டுநிலம் எதிர்ப்படும். உலகெங்கும் பருகப்படும் அராபிகா வகைக் காப்பியின் தாயகம் இந்நாட்டின் தென்மேற்கு மலைக்காடுகளே. அங்கிருந்து செங்கடலைக் கடந்து ஏமனுக்குச் சென்று, பின்பு உலகெங்கும் பரவியது. எத்தியோப்பியர் காப்பியைப் ‘புன்னா’ என்பர். அதனை அருந்துவது அவர்களுக்கு ஒரு சடங்கு. தரையில் பசும்புல் பரப்பிச் சாம்பிராணி புகைக்கின்றனர். வீட்டுப் பெண் பச்சைக் கொட்டைகளைக் கழுவி, விருந்தினர் முன்னிலையிலேயே வறுக்கிறார். மணக்கும் புகையை ஒவ்வொருவர் பக்கமும் வீசிக் காட்டுகிறார். பின்னர் உரலில் இடித்து, ‘ஜெபனா’ என்னும் நீண்ட கழுத்துள்ள மண்குடுவையில் கொதிக்கவைத்து, பிடியில்லாச் சிறு கிண்ணங்களில் ஊற்றுகிறார். அபோல், தோனா, பரக்கா என மூன்று சுற்றுகள் உண்டு. பரக்கா என்றால் வாழ்த்து எனப் பொருள். அந்த மூன்றாம் சுற்றுக்கு முன் எழுந்து செல்வது விருந்தோம்புவோரை வருந்தச் செய்யும்.

இவர்தம் அன்றாட உணவு ‘இன்ஜெரா’. கேழ்வரகைவிடவும் சிறிய ‘தெஃப்’ என்னும் தானியத்தின் மாவைச் சில நாள்கள் புளிக்கவைத்து, அகன்ற கல்லில் ஊற்றி எடுக்கின்றனர். ஆப்பத்தின் மென்மையும் புளித்த தோசையின் சுவையும் உடையது அது. அதன்மேல் பருப்பு, கீரை, இறைச்சிக் குழம்புகளை இட்டு, அதனையே பிய்த்துத் தொட்டு உண்கின்றனர். ஒருவர் தம் கையால் கவளம் உருட்டி மற்றவருக்கு ஊட்டும் வழக்கத்தைக் ‘குர்ஷா’ என்பர். எத்தியோப்பியத் திருச்சபையினர் புதன், வெள்ளி ஆகிய நாள்களில் இறைச்சியும் பாலும் விலக்குவதால், அந்நாள்களில் மரக்கறி உண்போருக்குக் குறைவின்றி உணவு கிடைக்கும்.

தலைநகர் அடிஸ் அபாபாவின் தேசிய அருங்காட்சியகம், 1974இல் கண்டெடுக்கப்பட்ட ‘லூசி’ என்னும் தொல்மாந்த எலும்புகளுக்கு இருப்பிடம். அவற்றின் வயது ஏறத்தாழ 32 இலட்சம் ஆண்டுகள். வடக்கே லாலிபெலாவில் பாறையைக் குடைந்து எழுப்பிய 11 தேவாலயங்கள் இன்றும் வழிபாட்டில் உள்ளன. 1896இல் அத்வா போரில் இத்தாலியப் படையை வென்று தன்னாட்சியைக் காத்த நாடு இது. ஆகவே, தன் மண்ணில் விளைந்ததைத் தன் முறைப்படி உண்ணும் பெருமிதம் இங்கே தெளிவாகப் புலப்படுகிறது.

கிராம்பு மணக்கும் கல்நகரம்

எத்தியோப்பியாவிலிருந்து தெற்கே, தான்சானியக் கரையை அடுத்து அமைந்தது சான்சிபார். பருவக்காற்றை நம்பிப் பாய்மரக்கலம் செலுத்திய அரேபியரும் பாரசீகரும் குசராத்தியரும் இங்கு வந்து தங்கினர். அவர்களுடைய சமையல் கரையோர மக்களின் சமையலோடு கலந்தது. சுவாகிலி மொழியில் ‘சப்பாத்தி’, ‘சாய்’, ‘பிலாவு’ ஆகிய சொற்கள் இன்றும் வழங்குகின்றன. மாலையில் கல்நகரத்தின் கடற்கரைப் பூங்காவான ஃபொரோதானியில் அடுப்புகள் மூள்கின்றன. கணவாயும் மீனும் தீயில் வாட்டப்படுகின்றன. இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்துக் கரும்புச்சாறு பிழிகின்றனர். மஞ்சள் நிறப் புளிப்புக் குழம்பில் உருளைக்கிழங்கும் பஜ்ஜியும் மிதக்கும் ‘உரோஜோ’ இத்தீவின் தனிச்சுவை.

கிராம்பு இத்தீவுக்கு உரியதன்று. இந்தோனேசியத் தீவுகளில் தோன்றிய அப்பயிர், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஓமான் சுல்தான் ஆட்சியில் இங்கே பெருந்தோட்டங்களாகப் பரவியது. தோட்டங்களில் மொட்டுப் பறித்த கைகள், ஆப்பிரிக்க உள்நாட்டிலிருந்து கவர்ந்துவரப்பட்ட அடிமைகளின் கைகள். 1873இல் அடிமைச்சந்தை மூடப்பட்டது. அது இருந்த இடத்தில் இன்று ஒரு தேவாலயம் நிற்கிறது. அதன் வளாகத்தில், கழுத்தில் சங்கிலி பூண்ட மனித உருவங்கள் பள்ளத்தில் நிற்பதுபோல் செதுக்கப்பட்டுள்ளன. பூங்காவில் உண்டு மகிழ்ந்தவர், நடந்து செல்லும் தொலைவிலுள்ள இவ்விடத்தையும் கண்டு திரும்புதல் வேண்டும்.

ரொட்டிக்குள் குழம்பு

அதே கடற்கரையின் தென்பகுதியில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் உள்ளது. 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பல் இத்துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஒப்பந்தம் செய்யப்பட்டோர் அதில் வந்தனர். அவர்களுள் தமிழர் பலர். 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் இவ்வாறு இந்தியாவிலிருந்து வந்தனர்.

இந்நகரின் புகழ்பெற்ற உணவு ‘பனி சௌ’. அரை ரொட்டியையோ கால் ரொட்டியையோ நடுவில் குடைந்து, சூடான பீன்சுக் குழம்பையோ ஆட்டிறைச்சிக் குழம்பையோ நிரப்பி, குடைந்தெடுத்த துண்டை மேலே மூடித் தருகின்றனர். தட்டு வேண்டா, கரண்டி வேண்டா. ‘பனியா’ எனப்பட்ட வணிகர்தம் உணவகங்களில் தோன்றியதால் இப்பெயர் வந்தது என்பர். நிறவெறி ஆட்சிக் காலத்தில் உணவகத்தினுள் அமர்ந்து உண்ண மறுக்கப்பட்டவர்களுக்கு, எடுத்துச் செல்ல எளிதான இவ்வுணவு பெரிதும் கைகொடுத்தது. பூங்கா இருக்கை முதல் கடற்கரை வரை இனவாரியாகப் பிரிக்கும் சட்டம் 1953இல் இயற்றப்பட்ட நாடு அது. இன்று எல்லா இனத்தவரும் ஒரே மேசையில் அமர்ந்து அதே ரொட்டியைப் பிய்த்து உண்கின்றனர்.

விக்டோரியா தெருச் சந்தையின் மசாலாக் கடைகள், காந்தியடிகள் 1904இல் நிறுவிய பீனிக்ஸ் குடியிருப்பு, மவுண்ட் எட்ஜ்கோம்ப் பகுதியின் மாரியம்மன் கோயில் ஆகியன இங்குக் காணத்தக்கவை.

விருந்தினர் ஒழுக்கம்

ஆப்பிரிக்கப் பயணத்திற்கு முன் செய்ய வேண்டுவன சில உள. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாள்களுக்கு முன் செலுத்திச் சான்று பெறவேண்டும். பாதுகாப்பான குடிநீரையும் கண்முன் சூடாகச் சமைத்த உணவையும் தேர்ந்துகொள்ள வேண்டும். பொதுக்கலத்தில் வலக்கையால் உண்ணுதல், இசைவு பெற்றே ஒளிப்படம் எடுத்தல், நோன்புக் காலத்தில் பொதுவிடத்தில் உண்ணாதிருத்தல் ஆகியன அம்மண்ணின் மக்களுக்கு நாம் செய்யும் மதிப்பு.

தெரியுமா?

சோளம், கம்பு, கேழ்வரகு, தட்டைப்பயறு ஆகியன ஆப்பிரிக்காவில் முதன்முதலாகப் பயிராக்கப்பட்டவை. பண்டைக்காலத்திலேயே இந்தியாவுக்கு வந்து நம் கூழிலும் களியிலும் கலந்துவிட்டன. புளியமரத்தின் தாயகமும் வெப்பமண்டல ஆப்பிரிக்காவே என்பர் தாவரவியலார்.

நிறைவாக

செனகலின் நொய்யும் சான்சிபாரின் கிராம்பும் டர்பனின் ரொட்டியும் பிறர் விருப்பத்தால் அம்மக்கள்மேல் சுமத்தப்பட்ட வாழ்விலிருந்து பிறந்தவை. அச்சுமையைத் தாங்கியவர்களே அவற்றுக்குச் சுவை தந்தனர். அச்சுவையை வந்தவர்க்கெல்லாம் பகிர்ந்தும் அளிக்கின்றனர். இதனை அறியாமல் உண்பவர் சுவையை மட்டுமே பெறுகிறார். அறிந்து உண்பவர் அம்மக்களையும் பெறுகிறார். ஆப்பிரிக்கா செல்லும் வாய்ப்பு நமக்கு எப்போது வாய்க்குமோ அறியோம். ஆயினும், இன்று மாலை நம் வீட்டில் கிண்டப்படும் கேழ்வரகுக் களி எங்கிருந்து, யார் கைவழியாக வந்தது எனக் கேட்பதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டுச் சமையலில் இடம்பெறும் ஐந்து பொருள்களின் தாயகத்தைக் கண்டறிந்து, அவை நம் நாட்டுக்கு வந்த வழியை உலக வரைபடத்தில் குறிக்க.

2. உங்கள் ஊரின் தனிச்சிறப்பான உணவு ஒன்றினைச் சமைப்பவரை நேர்கண்டு, அதன் வரலாற்றை ஒரு பக்க அளவில் எழுதுக.

குறுவினா

எத்தியோப்பியரின் காப்பிச் சடங்கில் மூன்றாம் சுற்றின் சிறப்பு யாது?

சிறுவினா

செனகலில் நொய்யரிசி முதன்மை உணவானதற்குரிய காரணங்களை எழுதுக.

நெடுவினா

‘உணவும் வரலாற்றுச் சான்றே’ – பாடப்பகுதி கொண்டு நிறுவுக.