ஏக்கமா, உண்ணிக் காய்ச்சலா?

மகேந்திரகிரி இஸ்ரோ உந்துவிசை வளாகம், கூடங்குளம் அணுமின் நிலையம், கிருஷ்ணாபுரம் புவிகாந்த ஆய்வகம் என்று திருநெல்வேலியைச் சுற்றி அறிவியல் பணியில் இருப்பவர்களின் குடும்பங்கள் நிறைய. அந்த வீட்டு நாய்களைச் சிகிச்சைக்குக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே சேதியைத்தான் சொல்வார்கள்: "அவங்க டெஸ்ட் வேலைக்குப் போனதுல இருந்து ஒண்ணும் திங்க மாட்டேங்கு டாக்டர். ஏங்கிப்போச்சு."

நாய் ஏங்கும் என்பது உண்மை. ஆனால் ஏக்கம்தான் என்று நம்பி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வரும் நாய்கள் சிலவற்றின் காதைப் புரட்டினால், ரத்தம் குடித்து ஆமணக்கு விதைபோல் உப்பிய உண்ணிகள் மடிப்புக்குள் ஒட்டியிருக்கும். அந்த நாய்க்குத் தேவை ஆறுதல் அல்ல, ரத்தப் பரிசோதனை. ஏக்கத்தையும் உண்ணி பரப்பும் காய்ச்சலையும் வீட்டிலேயே ஓரளவு பிரித்தறிய முடியும்.

என்ன நடக்கிறது?

ஆய்வுப் பணிக்கு அலுவலக நேரம் பொருந்துவதில்லை. 2022 ஜனவரியில் ககன்யான் திட்டத்துக்கான கிரையோஜெனிக் பொறி (மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்குவது) மகேந்திரகிரியில் 720 விநாடிகள் எரித்துச் சோதிக்கப்பட்டது. அப்படி ஒரு 12 நிமிடச் சோதனைக்கு முன்னால் எத்தனை நாள் ஆயத்தம் இருக்கும் என்பது அந்தக் குடும்பங்களுக்குத் தெரியும். புவிகாந்த ஆய்வகத்தில் நிலவில்லாத இரவுகளில் வானத்தைப் பதிவுசெய்கிறவர் பகலில் தூங்குவார். அணுமின் நிலையத்தில் ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும்.

நாயின் பக்கம் இதனால் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, நடை, சோறு, தூக்கம் என்ற அதன் நாள் ஒழுங்கு குலைகிறது. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. சீப்புப் போட்டு உண்ணி பார்ப்பதும், மாதம் ஒருமுறை உண்ணி மருந்து கொடுப்பதும் பல வீடுகளில் ஒரே ஆளின் வேலை. அவர் ஊரில் இல்லையென்றால் அந்த வேலை நின்றுபோகும். நாயை வேறு வீட்டிலோ காப்பகத்திலோ விட்டிருந்தால் அங்கிருந்தும் உண்ணி ஏறிவரும். நம் ஊர் வெயிலில் உண்ணி ஆண்டு முழுக்கப் பெருகும். ஆக, எசமானர் ஊரில் இல்லாததால்தான் நாய்க்கு நோய் வந்திருக்கும்; ஆனால் மனதின் வழியாக அல்ல, உண்ணியின் வழியாக.

அறிகுறிகள்

ஏங்கும் நாய் பெரும்பாலும் ஆள் வெளியேறிய அரை மணி நேரத்துக்குள்ளேயே ஊளையிடும், கதவைப் பிறாண்டும், எச்சில் வடிக்கும், பழகிய இடத்தை விட்டுவிட்டு வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும். தனியாக இருக்கையில் சோற்றைத் தொடாது. யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் கொஞ்சமாவது தின்னும். உடம்பில் காய்ச்சல் இருக்காது.

உண்ணிக் காய்ச்சலில் நாய் அமைதியாக ஒடுங்கும். யார் வந்தாலும் எழுந்திருக்காது. பிரியமான கறித்துண்டைக்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். எர்லிக்கியா (வெள்ளணுக்களைத் தாக்கும் நுண்ணுயிரி) என்றால் ரத்தத் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவுபவை) குறைந்து மூக்கில் ரத்தம் வரலாம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றலாம். பபேசியா (சிவப்பணுக்களை உடைக்கும் ஒட்டுண்ணி) என்றால் ஈறு வெளுக்கும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும்.

சித்திரை, வைகாசி உச்சி வெயிலில் ஆரோக்கியமான நாயும் குறைவாகத்தான் தின்னும். அடர்ந்த முடியுள்ள ஹஸ்கி போன்ற இனங்களுக்கு இது இன்னும் அதிகம். அவற்றுக்கு விடியலிலும் இருட்டிய பிறகும் சோறு வைத்துப் பாருங்கள்.

முதலில் அளந்து பாருங்கள்

வேலையிடத்தில் ஒவ்வொன்றையும் அளந்து பார்க்கிறவர்கள், வீட்டில் நாயின் முகவாட்டத்தை வைத்து முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நாய்க்கென்று தனியாக ஒரு வெப்பமானி வாங்கி வையுங்கள். நுனியில் வாசலின் தடவி, ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பான வெப்பம். நம் கணக்கில் அது காய்ச்சலாயிற்றே என்று பதற வேண்டாம். ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் 103-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். உதட்டைத் தூக்கி ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா பாருங்கள். காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், விரலிடுக்கில், தொடையிடுக்கில் உண்ணி தேடுங்கள். தின்ற அளவு, வெப்பம், சிறுநீரின் நிறம் மூன்றையும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

வளர்ந்த நாய் முழுதாக ஒரு நாள் சோறு தொடவில்லையென்றால் அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் ரத்த அணு எண்ணிக்கையும், ரத்தப் பூச்சும் (கண்ணாடியில் ரத்தத் துளியைப் பரப்பி நுண்ணோக்கியில் பார்ப்பது) செய்து பார்ப்பார்கள். பூச்சில் கிருமி தென்படவில்லை என்பதாலேயே நோய் இல்லை என்று ஆகிவிடாது; தட்டணுக்கள் குறைந்திருந்தால் மேற்கொண்டு சோதனை தேவைப்படும். எர்லிக்கியாவுக்கு வழக்கமாக டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள் தர வேண்டும். இரண்டு மூன்று நாளில் நாய் துள்ளிக் குதிக்கும். அப்போது மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் அதே நோயோடு திரும்பி வருகிறார்கள். பபேசியாவுக்கு மருந்தே வேறு. ஆகவே பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதிய சீட்டை வைத்து மருந்து வாங்காதீர்கள்.

வீட்டையும் கவனிக்க வேண்டும். பெண் உண்ணி நாயின் மேல் முட்டையிடுவதில்லை. இறங்கிப்போய்ச் சுவர் வெடிப்பிலும் தரையோரத்திலும் ஆயிரக்கணக்கில் இடும். ஒருமுறை மருந்தடித்துவிட்டு ஓய்ந்துவிட்டால் பொரிந்து வருபவை தப்பிவிடும். வெடிப்புகளைப் பூசுங்கள், மருத்துவர் சொல்லும் மருந்தை அவர் சொல்லும் இடைவெளியில் திரும்ப அடியுங்கள்.

ஏக்கம்தான் என்று உறுதியானால்

ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவ் நாய்களை வைத்துக் காட்டியது நினைவிருக்கும்: உணவுக்கு முன் வழக்கமாகக் கேட்கும் ஒலிக்கே நாயின் வாய் ஊறும். உங்கள் வீட்டு நாய்க்கு பைக் சாவியின் சத்தமும், கழுத்தில் ஏறும் அடையாள அட்டையும் பிரிவின் அறிவிப்பு. அந்தத் தொடர்பைத் தளர்த்துங்கள். வெளியே போகாத நேரத்திலும் சாவியை எடுங்கள். பயணப் பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று தனிமையைப் பழக்குங்கள். கிளம்பும்போது கொஞ்சி விடைபெறவும் வேண்டாம், திரும்பியதும் ஆரவாரமும் வேண்டாம். முக்கியமாக, ஊரில் இருக்கும் காலத்திலேயே துணைவரோ பிள்ளைகளோ சோறும் நடையும் பாதிப் பங்கு எடுத்துக்கொள்ளட்டும். ஒருவரையே நம்பியிருக்கும் நாய்தான் அதிகம் தவிக்கும். கதவைக் கடித்ததற்காக அடித்தால் தவிப்புதான் கூடும்.

செய்யக் கூடாதவை

உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுவது, பீடி நெருப்பால் சுடுவது, வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தில் குளிப்பாட்டுவது எல்லாம் தோலைப் புண்ணாக்கும்; பூச்சிமருந்து உயிரையே எடுக்கும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். விரலால் நசுக்க வேண்டாம். காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால், இபுபுரூஃபன் மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்காதீர்கள். நாய்க்கான உண்ணி மருந்துகள் சில பூனைக்கு நஞ்சு. வீட்டில் பூனையும் இருந்தால் மருத்துவரிடம் சொல்லி வாங்குங்கள். ஊர் திரும்பிய பாசத்தில் அல்வாவை ஊட்டுவதும் வேண்டாம். அவ்வளவு நெய் கணையத்தை (செரிமான நீர் சுரக்கும் உறுப்பு) வீங்கவைக்கக்கூடும். ஓய்வு நாளில் தாமிரபரணியில் குளிப்பாட்டுகிறவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; குளித்ததும் காதைத் துடைத்துவிடுங்கள்.

எர்லிக்கியா நாயைத் தொடுவதால் வீட்டாருக்குத் தொற்றாது. பயந்து நாயைத் தெருவில் விட வேண்டாம். முதல் கட்டத்திலேயே பிடித்தால் பெரும்பாலான நாய்கள் முழுதாகத் தேறிவிடும். மாதக்கணக்கில் விட்டால் எலும்பு மஜ்ஜை (ரத்த அணுக்கள் உருவாகும் இடம்) பாதிக்கப்பட்டு மீட்பது கடினம்.

அடுத்த பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது மூன்றை எழுதி, வீட்டிலிருப்பவர் கையில் கொடுங்கள்: உண்ணி மருந்து கொடுக்க வேண்டிய தேதி, நாயின் வழக்கமான உணவளவு, மருத்துவரின் எண். மூக்கில் ரத்தம், வெளுத்த ஈறு, கறுத்த சிறுநீர், நிற்க முடியாத தள்ளாட்டம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உங்கள் தொலைபேசி அழைப்புக்குக் காத்திராமல் அன்றைக்கே நாயைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.