வெப்பம் இடம் மாறுகிறது: வீட்டு ஏ.சி.யைக் கொண்டு ஒரு வெப்பவியல் பாடம்

பத்தாம் வகுப்பில் ‘வெப்ப இயற்பியல்’ அலகைத் தொடங்கும் முன் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். “ஏ.சி. என்ன வேலை செய்கிறது?” பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “குளிர் காற்றை உண்டாக்குது, மிஸ்.” அடுத்து, “மூடிய அறைக்குள் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிருமா?” என்று கேட்பேன். “குளிரும்” என்று பாதி வகுப்பு கை தூக்கும். இந்த இரண்டு பதில்களுக்கும் அடியில் இருப்பது ஒரே தவறான கருத்து. குளிர் என்பது ஒரு பொருள், அதைத் தயாரிக்க முடியும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள்.

இதைத் திருத்துவது தேர்வுக்காக மட்டும் அல்ல. நான் பணிபுரியும் சாந்தோம் பகுதியில் குப்பத்து வீடுகளிலும் வாரியக் குடியிருப்புகளிலும் இப்போது தவணை முறையில் ஏ.சி. வாங்குகிறார்கள். அதன் அட்டையைப் படிப்பதும், மின்கட்டணம் எவ்வளவு வரும் என்று பெற்றோருக்குச் சொல்வதும், மெக்கானிக் வரும்போது உடன் நிற்பதும் பல வீடுகளில் நம் மாணவர்கள்தான். ‘ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை; வெப்பத்தை உள்ளிருந்து வெளியே கொண்டுபோகிறது’ என்ற ஒரு வாக்கியம் அவர்களுக்குப் புரிந்துவிட்டால், பொருத்துவது, இயக்குவது, பராமரிப்பது என எல்லாவற்றுக்கும் காரணத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள். இப்படி வெப்பத்தை இடம் மாற்றும் கருவிக்கு ‘வெப்ப பம்பு’ என்று பெயர். மோட்டார் பம்பு கீழ்த்தொட்டித் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றுவது போல, இது வெப்பநிலை குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு வெப்பத்தை ஏற்றுகிறது. வெப்பம் தானாக அப்படிப் போகாது என்பதால்தான் மின்சாரம் தேவைப்படுகிறது.

மீன் பெட்டியிலிருந்து தொடங்கலாம்

எங்கள் மாணவர்களுக்கு லூப் ரோடு மீன் கடைகளின் ஐஸ் பெட்டி நன்றாகத் தெரியும். ‘ஐஸ் மீனுக்குக் குளிரைத் தருகிறதா, மீனிடமிருந்து வெப்பத்தை எடுக்கிறதா?’ என்று கேட்டு விவாதிக்க விடலாம். ஐஸ் உருகுவதே அது வெப்பத்தை வாங்கியதற்குச் சான்று. 0 டிகிரியில் உள்ள 1 கிலோ பனிக்கட்டி, அதே 0 டிகிரியில் நீராக மாற 334 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. இதுதான் பாடநூல் சொல்லும் உள்ளுறை வெப்பம்.

சாந்தோமிலிருந்து காமராசர் சாலையில் வடக்கே சென்றால் விவேகானந்தர் இல்லம் வரும். 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய இந்தக் கட்டடத்தின் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்க வணிகர் ஃபிரெடரிக் டியூடர், பாஸ்டன் துறைமுகத்திலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் இதைக் கட்டினார். ஏரிகளில் உறைந்த பனியை வெட்டி, மரத்தூள் சுற்றி, மாதக்கணக்கில் கடல் கடந்து கொண்டுவந்தார்கள். இயந்திரம் வருவதற்கு முன் குளிர் வேண்டுமென்றால், வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் ஒரு பொருளை வேறு நாட்டிலிருந்துகூடக் கொண்டுவர வேண்டியிருந்தது.

‘1 டன்’ என்பதன் கணக்கு

‘1 டன் ஏ.சி.’ என்பது இயந்திரத்தின் எடை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்தச் சொல் பனிக்கட்டிக் காலத்தின் மிச்சம். ஒரு அமெரிக்க டன், அதாவது 2,000 பவுண்டு அல்லது 907 கிலோ பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகும்போது எடுக்கும் வெப்பமே அந்த அளவு. கரும்பலகையில் மாணவர்களையே போடச் சொல்லலாம்:

907 × 334 = 3,02,938 கிலோஜூல். ஒரு நாளின் 86,400 வினாடிகளால் வகுத்தால், வினாடிக்கு ஏறத்தாழ 3.5 கிலோஜூல். அதாவது 3.5 கிலோவாட்.

எனவே 1.5 டன் ஏ.சி. முழு வேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து வினாடிக்கு 5.25 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஆனால் அதற்கு அது எடுக்கும் மின்சாரம் சுமார் 1.5 கிலோவாட்தான். ‘கொடுத்ததைவிட அதிகம் கிடைக்கிறதே, ஆற்றல் அழிவின்மை விதி என்ன ஆனது?’ என்று ஒரு மாணவராவது கேட்பார். கேட்காவிட்டால் நாம் கேட்க வேண்டும். மின்சாரம் இங்கே வெப்பமாகவோ குளிராகவோ மாற்றப்படுவதில்லை. வெப்பத்தை நகர்த்தும் கூலியாகச் செலவாகிறது. 5.25ஐ 1.5ஆல் வகுத்தால் வரும் 3.5தான் பதினொன்றாம் வகுப்பில் வரும் செயல்திறன் குணகம். வெளியே உள்ள யூனிட் வீசும் வெப்பம் இரண்டின் கூட்டுத்தொகை: 6.75 கிலோவாட். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தால் அறை ஏன் சூடாகிறது என்பதற்கும் இந்தக் கூட்டலே விடை.

மூன்று எளிய செயல்பாடுகள்

ஏ.சி.யைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. வகுப்பறையிலேயே கருத்தை உணர்த்த முடியும்.

1. ஸ்பிரிட் நனைத்த பஞ்சைப் புறங்கையில் தடவி ஊதச் சொல்லுங்கள். கை சில்லென்று ஆகும். திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுக்கிறது. அருகில் தீ இருக்கக் கூடாது.

2. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து வேகமாகப் பத்து முறை அடித்தபின் அதன் அடிப்பகுதியைத் தொடச் சொல்லுங்கள். அழுத்தப்பட்ட வாயு சூடாகிறது.

3. ஊசி இல்லாத சிரிஞ்சில் சுமார் 65 டிகிரி வெந்நீரைச் சிறிதளவு எடுத்து, முனையை அடைத்து, உள்தண்டை இழுத்துக் காட்டுங்கள். 100 டிகிரி ஆகாமலே நீர் குமிழியிட்டுக் கொதிக்கும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும். பிரஷர் குக்கரில் நடப்பது இதற்கு நேர்மாறு. வெந்நீரை ஆசிரியரே கையாள வேண்டும்.

இந்த மூன்றையும் இணைத்தால் ஏ.சி.யின் சுற்று கிடைத்துவிடும். குழாய்க்குள் ஓடும் குளிர்பதனப் பொருள், இன்று பல வீட்டு ஏ.சி.களில் ஆர்-32, சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் சுமார் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். உள் யூனிட்டின் சுருளில் அது குறைந்த அழுத்தத்தில் ஆவியாகி அறையின் வெப்பத்தை எடுக்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்தி, வெளிக்காற்றைவிடச் சூடாக்குகிறது. வெளி யூனிட்டின் சுருளில் அது வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. பின் ஒரு குறுகிய வழியே சென்று அழுத்தம் குறைந்து, மீண்டும் உள்ளே வருகிறது. ஆவியாதலும் ஆவி சுருங்குதலும் மாறி மாறி நடக்கும் மூடிய சுற்று இது.

பொருத்தும்போது: ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு

வெளி யூனிட் எங்கே? 6.75 கிலோவாட் வெப்பம் தடையின்றிப் போக வேண்டும். கம்பி போட்டு, துணி காய வைத்த பால்கனிக்குள் வைத்தால் வெளியேற்றிய சூடான காற்றையே அது திரும்ப இழுக்கும், மின்செலவு ஏறும். எதிர் வீட்டு ஜன்னலை நோக்கி வைத்தால் நம் அறையின் வெப்பம் அவர்கள் வீட்டுக்குப் போகும். நெருக்கமான குடியிருப்புகளில் இது ஓர் அறக் கேள்வியும்கூட. வகுப்பில் விவாதிக்கத் தகுந்தது.

செப்புக் குழாய்கள் குறைந்த நீளத்திலும் குறைந்த வளைவுகளுடனும் இருக்க வேண்டும். இரண்டு குழாய்களுக்கும் தனித்தனியே காப்புறை வேண்டும். இல்லையேல் வழியிலேயே வெளி வெப்பத்தை வாங்கும், நீர் சொட்டும்.

கேஸைத் திறக்கும் முன் வேக்யூம் பம்பு வைத்துக் குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். அவசரத்தில் இதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. உள்ளே தங்கிய ஈரம் குறுகிய வழியில் உறைந்து அடைக்கும். கம்ப்ரசர் எண்ணெயையும் கெடுக்கும். ‘வேக்யூம் போட்டீங்களா அண்ணா?’ என்று ஒரு மாணவர் கேட்கத் தெரிந்திருந்தால் அந்த வீட்டு ஏ.சி.யின் ஆயுள் கூடும்.

மின் இணைப்பில் 1,500 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 6.5 ஆம்பியர். சாதாரண 6 ஆம்பியர் பிளக் போதாது என்பதை இந்த வகுத்தலே சொல்லிவிடும். 16 ஆம்பியர் பிளக் பாயிண்டும் தனி வயரும் எம்.சி.பி.யும் எர்த்தும், மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் தேவை.

கடற்காற்றும் வேதியியலும்

எங்கள் பகுதியில் ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதைப் பார்த்தே பிள்ளைகள் வளர்கிறார்கள். வெளி யூனிட்டில் செப்புக் குழாயின் மேல் அலுமினியத் தகடுகள் ஒட்டியிருக்கும். கடற்காற்றின் உப்பு அங்கே படிந்து ஈரத்தை இழுத்தால், இரண்டு உலோகங்களும் ஒரு மின்பகுளியும் சேர்ந்த சிறு மின்கலம் தயார். வினைபுரிவதில் முந்தும் அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாகும். தகடு உதிர்ந்தால் வெப்பம் வெளியேற வழி குறைகிறது. வினைபுரியும் திறன் வரிசையை நடத்தும்போது இதைவிட அருகிலுள்ள எடுத்துக்காட்டு எங்களுக்குக் கிடைக்காது. பூச்சு கொடுத்த தகடுகள் உள்ள மாதிரியை வாங்குவதும், மெயினை அணைத்துவிட்டு அவ்வப்போது நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவச் செய்வதும் பயன்தரும். வெளி யூனிட்டைத் தாங்கும் ஸ்டாண்டும் போல்ட்டும் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பார்ப்பது கீழே நடப்பவர்களின் உயிர் சார்ந்த விஷயம்.

இயக்கும்போது

‘18இல் வைத்தால் சீக்கிரம் குளிரும்’ என்பது பரவலான நம்பிக்கை. 18 என்பது வேகம் அல்ல, எங்கே நிறுத்த வேண்டும் என்ற இலக்கு. வெளியே 35 டிகிரி இருக்கும்போது 18 என்றால் வேறுபாடு 17. 26 என்றால் 9 மட்டுமே. சுவர் வழியே உள்ளே வரும் வெப்பம் இந்த வேறுபாட்டைப் பொறுத்ததால், அதுவும் கிட்டத்தட்டப் பாதியாகிறது. தொட்டியின் உயரம் குறைந்தால் மோட்டாரின் வேலை குறைவது போல, ஒவ்வொரு ஜூலை நகர்த்தும் செலவும் குறைகிறது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏ.சி.கள் தொடக்க நிலையில் 24 டிகிரியில் இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

சென்னையில் இன்னொரு சுமை, ஈரப்பதம். ஏ.சி. குழாயில் சொட்டும் நீரை ஒரு மணி நேரம் வாளியில் பிடித்து அளந்து வரச் சொல்லுங்கள். காற்றிலிருந்த ஒவ்வொரு லிட்டர் நீரும் திரவமாகும்போது விடும் வெப்பம் சுமார் 2,430 கிலோஜூல். அதாவது 0.67 யூனிட்டுக்குச் சமமான வெப்பம். கதவைத் திறந்து வைத்தால் ஈரக்காற்று மேலும் மேலும் உள்ளே வந்து, ஏ.சி. காற்றை உலர்த்துவதிலேயே உழைக்கும். 26 டிகிரியில் வைத்து மின்விசிறியும் போட்டால், உலர்ந்த காற்றில் வியர்வை எளிதில் ஆவியாகி உடல் குளிர்கிறது. அந்த நீரைக் குடிக்கக் கூடாது, தரை துடைக்கலாம். எந்நேரமும் மூடியே இருக்கும் அறையில் நாம் விடும் கார்பன் டை ஆக்சைடு சேரும் என்பதால், அவ்வப்போது ஜன்னலைத் திறந்து காற்று மாற்றுவதும் அவசியம்.

மின்கட்டணக் கணக்குக்கு நட்சத்திர அட்டையே பாடப்பொருள். அதில் உள்ள ஆண்டு நுகர்வு 1,600 மணி நேரத்துக்கானது. அட்டையில் 900 யூனிட் என்றிருந்தால் மணிக்கு 0.56 யூனிட், தினம் 8 மணி நேரம் என்றால் 4.5 யூனிட், இரண்டு மாதத்துக்கு 270 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம் என்று நிம்மதியாக இருந்த வீட்டில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை மாணவர்கள் தம் வீட்டு மின் அட்டையை வைத்தே கண்டுபிடிப்பார்கள்.

‘கேஸ் தீர்ந்துபோச்சு’

‘வருஷா வருஷம் கேஸ் அடிக்கணும்’ என்று பணம் கொடுக்கும் குடும்பங்கள் பல. சுற்று மூடியது, கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான். ஆர்-32, சம எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைவிட 675 மடங்கு புவி வெப்பமாதல் திறன் கொண்டது. தீப்பற்றும் தன்மையும் ஓரளவு உண்டு. வெளி யூனிட்டில் இதன் அழுத்தம் வளிமண்டலத்தைப் போலச் சுமார் 30 மடங்கு வரை போகும். எனவே மாணவர்கள் எந்த நட்டையும் கழற்றக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இத்தொழிலில் ஆர்வம் உள்ளவர்களுக்கு, பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ.யில் குளிர்பதனம் மற்றும் ஏ.சி. தொழில்நுட்பத்துக்கு இரண்டாண்டுப் பிரிவு இருப்பதை அறிமுகப்படுத்தலாம்.

அதே இயந்திரம் சூடும் தரும்

சுற்றைத் திருப்பிவிட்டால் வெளியே உள்ள வெப்பம் உள்ளே வரும். குளிர்நாடுகளில் வீடுகளைச் சூடாக்குவதும், ‘ஹாட் அண்ட் கோல்டு’ ஏ.சி. செய்வதும் இதையே. 0 டிகிரிக் காற்றிலும் வெப்பம் உண்டு என்பதை உணர்த்த இது நல்ல வாய்ப்பு. விடுதிகளில் வெந்நீருக்கும் வெப்ப பம்பு பயன்படுகிறது. 100 லிட்டர் நீரை 28இலிருந்து 50 டிகிரிக்கு உயர்த்த 9,240 கிலோஜூல், அதாவது சுமார் 2.6 யூனிட் வேண்டும். கெய்சர் இவ்வளவையும் மின்சாரமாகவே எடுக்கும். செயல்திறன் குணகம் 3.5 உள்ள வெப்ப பம்புக்கு முக்கால் யூனிட் போதும். மீதி வெப்பம் சென்னைக் காற்றிலிருந்தே வருகிறது.

வகுப்புவாரியாக

தொடக்க வகுப்புகளுக்கு ஐஸ் பெட்டி விவாதமும், மண்பானை நீர் ஏன் குளிர்கிறது என்ற கேள்வியும் போதும். எட்டாம் வகுப்புவரை மூன்று செயல்பாடுகளைச் செய்யலாம். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு டன் கணக்கு, மின்கட்டணக் கணக்கு, உலோக அரிப்பு. மேல்நிலை வகுப்புக்குச் செயல்திறன் குணகம்.

மதிப்பீட்டுக்கு நான் பயன்படுத்தும் வினாக்கள்:

1. மூடிய அறையில் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தால் அறையின் வெப்பநிலை என்னவாகும்? காரணம் கூறுக.
2. உங்கள் தெருவில் உள்ள ஒரு வெளி யூனிட்டைத் தொடாமல் உற்றுநோக்குக. அது பொருத்தப்பட்ட இடம் சரியா? இரண்டு காரணங்கள் தருக.
3. நட்சத்திர அட்டையைக் கொண்டு, தினம் 6 மணி நேரம் ஓடும் ஏ.சி.யின் இரு மாத மின் நுகர்வைக் கணக்கிடுக.
4. ‘கேஸ் தீர்ந்துவிட்டது’ என்று சொல்லும் மெக்கானிக்கிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி என்ன?

நான்காவது வினாவுக்கு ‘எங்கே கசிகிறது?’ என்று எழுதும் மாணவருக்கு மூடிய சுற்று புரிந்துவிட்டது என்று முழு மதிப்பெண் தரலாம்.