எந்தக் கயிறு முதலில் அறும்?

கேள்வி: வழவழப்பான மேசைமேல், மையத்தில் கட்டிய கயிற்றில் இரண்டு குண்டுகளை அடுத்தடுத்துக் கோத்துச் சுற்றும் கணக்கு. ஒரே கயிறுதானே, இழுவிசையும் ஒன்றாகத்தானே இருக்கும்?

பதில்: இருக்காது. வெளிக்குண்டிலிருந்து தொடங்குங்கள், அதை இழுப்பது ஒரே துண்டு. குண்டுகள் தலா 1 கிலோ, மையத்திலிருந்து 0.5, 1 மீட்டர் தூரத்தில், நொடிக்கு 4 ரேடியன் வேகத்தில் சுற்றுவதாகக் கொள்வோம். வெளித்துண்டின் இழுவிசை 1 × 4² × 1 = 16 நியூட்டன். உள்குண்டில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். வெளித்துண்டு அதை வெளியே இழுக்கிறது, உள்துண்டு மையத்தை நோக்கி இழுக்கிறது. இரண்டின் வித்தியாசமே அதற்கு வேண்டிய மையநோக்கு விசை: 8 நியூட்டன். ஆக, உள்துண்டில் 24 நியூட்டன். மேசையருகே நின்று பார்ப்பவராகக் கணக்கிடும்போது மையவிலக்கு விசையைப் படத்தில் சேர்க்கவே வேண்டாம். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் முதலில் அறுவது உள்துண்டுதான்.