விடுப்பும் விடுமுறையும்

விடுமுறை வேறு, விடுப்பு வேறு. கடை முழுவதும் அடைக்கப்பட்டு எல்லோரும் ஓய்ந்திருக்கும் நாள் விடுமுறை. கடை திறந்திருக்க, ஒருவர் மட்டும் தம் தேவைக்காகக் கேட்டுப் பெறும் நாள் விடுப்பு. பேச்சு வழக்கில் இரண்டையும் 'லீவு' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட்டோம். சொல் கலந்ததோடு உரிமையும் மங்கிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் பயின்று துணிக்கடையொன்றில் பணியேற்ற மாணவர் ஒருவர், விடுப்புக் கடிதம் எழுதித் தருமாறு வந்தார். தங்கையின் திருமணத்திற்கு மூன்று நாள் வேண்டும். 'கருணை கூர்ந்து' என்று தொடங்கச் சொன்னார். சம்பளம் பிடிப்பார்களா என்று வினவினோம். "பிடிப்பது வழக்கந்தானே, ஐயா" என்றார். நாம் நடத்திய கடிதப் பாடத்திலும் அந்தக் 'கருணை' இருந்தது என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது.

இராமநாதபுரம், கீழக்கரை, இராமேஸ்வரம் போன்ற நகராட்சிகளின் கடைகளுக்குரியது 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அதன் 25ஆம் பிரிவு கூறுவது இது: பன்னிரண்டு மாதம் தொடர்ந்து பணிபுரிந்தவருக்கு, அடுத்த பன்னிரண்டு மாதத்தில் சம்பளத்துடன் 12 நாள் ஓய்வு. எடுக்காத நாள்களைச் சேர்த்து வைக்கலாம். 24 நாள் வரை சேரும். இதற்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். ஆனால் நோய்க்கும் விபத்துக்கும் 12 நாள் வரையும், தக்க காரணத்திற்கான தற்செயல் விடுப்பு 12 நாள் வரையும் முதலாண்டிலேயே உண்டு, இவையும் சம்பளத்துடன்தான். தங்கையின் திருமணத்தை விடத் தக்க காரணம் யாது? ஓய்வு நாள்களைக் கேட்டு மறுக்கப்பட்டவர் வேலையை விட்டு விலகினால், அந்நாள்களுக்குரிய தொகையை முதலாளி கொடுத்தாக வேண்டும்.

கூட்டினால் ஆண்டுக்கு 36 நாள். இரண்டே ஆளை வைத்துக் கடை நடத்தும் பெரியவர் மலைப்பது இயல்பே. ஆனால் நோய் விடுப்பு நோயுற்றால் மட்டுமே. ஆண்டுதோறும் எல்லோரும் படுப்பதில்லை. சம்பளம் பிடிபடும் அச்சத்தால் காய்ச்சலோடு வந்து நிற்பவரால் வணிகத்திற்கு என்ன ஆதாயம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நிற்பவர் என்றதும் நினைவுக்கு வருவது: கடைப் பணியாளருக்கு இருக்கை தரவேண்டும் என்னும் விதியே 2021இல்தான் இச்சட்டத்தில் சேர்ந்தது!

விடுமுறைக்குத் தனிச் சட்டம் உண்டு. அது 1958இல் வந்தது. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் மாறாதவை. பண்டிகைக்கென மேலும் ஐந்து நாள். எந்த ஐந்து என்பதை இருதரப்பையும் கலந்து ஆய்வாளர் குறிப்பார். நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று ஐந்தையும் பகிர்ந்துகொள்ள நம் மாவட்டத்துக் கடைகளுக்கு வழி இருக்கிறது. யாத்திரிகர் குவியும் இராமேஸ்வரத்து விடுதி தீபாவளியன்று கதவடைக்க இயலாது. அவ்வாறு குறிக்கப்பட்ட நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தரவேண்டும். அல்லது அன்றைய சம்பளத்தோடு, சம்பளமுள்ள மாற்று நாள் ஒன்று தரவேண்டும்.

மகப்பேற்று விடுப்பு மைய அரசின் சட்டத்திற்கு உட்பட்டது. 2017இல் அது 12 வாரத்திலிருந்து 26 வாரமாயிற்று. மூன்றாம் மகப்பேறு முதல் 12 வாரமே.

இவற்றுள் எதுவும் எட்டாதவர்களும் நம் கரையில் உளர். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது. படகில் பங்குக்கு உழைப்பவருக்கு அது கேளாமலே வரும் விடுமுறை. சம்பளம் என்ற பேச்சில்லை. அரசு தரும் நிவாரணம் 5,000 ரூபாயாக இருந்தது. அதை 8,000 ஆக்கும் அறிவிப்பு 2023இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் வெளியாயிற்று. ஒரு குடும்பத்திற்கு, இரண்டு மாதத்திற்கு.

அந்த மாணவரின் கடிதத்தை மாற்றி எழுதினோம்: "எனக்குரிய தற்செயல் விடுப்பில் மூன்று நாளை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." படித்துவிட்டு, "முதலாளி கோபிக்க மாட்டாரா, ஐயா?" என்றார். கோபித்தால் சட்டப் பிரிவைப் பணிவோடு கூறுமாறு சொல்லி, அதன் எண்ணைக் கடித உறையின் பின்புறம் குறித்துக் கொடுத்தோம்.