மரவள்ளி வற்றல்: போடும் முன் கொஞ்சம் கவனம்

தை பிறந்தால் கல்வராயன் மலையிலும் சின்னசேலம் பக்கமும் மரவள்ளி பிடுங்க ஆரம்பிப்போம். ஜவ்வரிசி ஆலையில் மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்துத்தான் விலை. ஒடிஞ்சது, சின்னது எல்லாம் காட்டிலேயே கிடக்கும். இரண்டு மூன்று நாளில் உள்ளே கருத்துவிடும். அதைத்தான் வற்றல் போடலாம் என்கிறோம்.

"கசக்கிற கிழங்கும் இருக்கே?" என்று கூட்டத்தில் கேட்கிறீர்கள். சரியான கேள்வி. மரவள்ளியில் சயனைடு விஷம் உண்டாக்கும் பொருள் இருக்கிறது. சதையைவிடத் தோலில் அதிகம். கசக்கும் கிழங்கைச் சமையலுக்கே எடுக்காதீங்க. நல்ல கிழங்கையும் உள்தோலோடு உரித்து, மெல்லிசா வில்லை போட்டு, நிறைய தண்ணீரில் மூடி போடாமல் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

உரித்த தோலும் பச்சைத் தழையும் ஆட்டுக்கு எட்டக் கூடாது. குழுக் கடனில் வாங்கிய ஆடு தழையைத் தின்று செத்தாலும் தவணை கட்டித்தானே ஆகணும்?

வெந்த வில்லையில் உப்பு, மிளகாய்த்தூள், சீரகம் பிசறி, பாயில் பரப்பி, நல்ல வெயிலில் காய வையுங்கள். கையில் ஒடித்தால் 'டக்'கென்று ஒடியணும். வளைந்தால் இன்னும் ஒரு வெயில் வேணும். பிறகு மூடி இறுக்கமான டப்பாவில் போட்டால் ஐப்பசி மழையில் ரசம் சோற்றுக்குப் பொரித்துக்கொள்ளலாம். பிள்ளைகள் விட்டுவைத்தால்!